பானைக்கு உருவம் எங்கிருந்து வருது?

எங்க ஊருக்கு வர்ற பட்டணத்து நண்பர்கள் வேளார் தெருவுக்குப் போனா தவறாம ஒரு கேள்வி கேட்பாங்க. "இந்த டிசைன் எல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுது?" அந்தத் தெருவுல இப்போ சக்கரம் சுத்துறது ஒரே ஒரு வீட்டுலதான். அந்த வீட்டு அண்ணனுக்கு என்னைவிடப் பத்து வயசு கூட. யார் கேட்டாலும் அவர்கிட்ட இருக்குறது ஒரே பதில்தான். "தோணுறதுக்கு என்ன இருக்கு? கேக்குறதைச் செய்றோம்."

கேட்டவங்களுக்குச் சப்புன்னு போயிரும். ஏதோ கனவு கண்டேன், ஆத்தோரம் உக்காந்து யோசிச்சேன்னு சொல்வார்னு எதிர்பார்த்து வந்திருப்பாங்க. எனக்கு அந்தப் பதில் சின்னதாத் தெரியலை. நான் பள்ளிக்கூடப் படிப்போட வயலுக்கு வந்தவன். ஆனா கீழடி எங்க சிவகங்கை மாவட்டத்துலயே கிடைச்ச பிறகு, பானை ஓடு பத்திக் கையில அகப்படுற எதையும் விடாமப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒண்ணு விளங்குது. இந்த மண்ணுல பானைக்கு உருவம் கொடுத்தது மூணு பேர். கேட்டவர் ஒருத்தர், மண் ஒண்ணு, செஞ்சவர் கை ஒண்ணு. குயவருடைய கற்பனை இந்த மூணும் சந்திக்கிற இடத்துலதான் பிறந்திருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

பானைக்கு அடி ஏன் உருண்டை?

மொதல்ல நம்ம கண்ணு முன்னாடி இருக்குற பானையிலிருந்தே தொடங்கலாம். பானைக்கு அடி ஏன் தட்டையா இல்லாம உருண்டையா இருக்கு? அழகுக்காகன்னு நினைச்சா, இல்லை.

சக்கரத்துல வனையும்போது பானை முழுசா வர்றது கிடையாது. வாயும் கழுத்தும்தான் சக்கரத்துல ஒழுங்கா வரும். உடம்பு கனமா, அடி மூடாம இருக்கும். அதை நூலால அறுத்தெடுத்து, நிழல்ல பாதி காய வச்சு, உள்ள ஒரு வழவழப்பான கல்லைப் பிடிச்சுக்கிட்டு வெளியில மரப்பலகையால தட்டுவாங்க. தட்டத் தட்ட மண் மெலிஞ்சு விரிஞ்சு, அடி தானா மூடி உருண்டையாகும். பல வீடுகள்ல சக்கரம் ஆம்பளை கையிலயும் தட்டுறது பொம்பளை கையிலயும் இருந்துச்சு. நாம தூக்கிக்கிட்டு வர்ற பானையில பாதி அந்த வீட்டு அம்மா செஞ்சது.

இப்படி வர்ற உருண்டை, கேட்டவங்க தேவைக்கும் அச்சாப் பொருந்துச்சு. மூணு கல் வச்ச அடுப்புல உருண்டை அடிதான் ஆடாம உக்காரும். தீ ஒரே சீரா ஏறும். மூலை இல்லாததால விரிசல் விடுறது குறைவு. அகப்பையால வழிச்சா ஒரு பருக்கை மிஞ்சாது. சும்மாடு வச்சா தலையில நிக்கும், இடுப்புல வச்சா இடுப்போட ஒட்டிக்கும். தட்டுற வேலையும், அடுப்புக் கல்லும், பொம்பளைங்க இடுப்பும் சேர்ந்து போட்ட டிசைன் அது. தனியா ஒரு ஆள் பேர் அதுக்குக் கிடையாது.

கீழடியில அண்ணன் பார்த்தது

2023 மார்ச்சுல கீழடி அருங்காட்சியகம் திறந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு நானும் அந்த அண்ணனும் பஸ் ஏறிப் போனோம். கீழடியில மத்திய தொல்லியல் துறை 2015-ல தோண்ட ஆரம்பிச்சது. பிறகு மாநிலத் தொல்லியல் துறை எடுத்து நடத்துது. அங்க எடுத்த ஒரு மாதிரியோட காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுன்னு 2019-ல மாநிலத் துறை அறிக்கை வெளியிட்டுச்சு.

நான் ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுக்கிட்டு நகர்றேன். அண்ணன் ஒரு கறுப்பு சிவப்புப் பானைக்கு முன்னாடி நின்னவர் நகரவே இல்லை. உள்பக்கமும் வாயோரமும் கறுப்பு, வெளியில சிவப்பு. "இதைக் கவுத்து வச்சுச் சுட்டிருக்கான் தம்பி. வாயி உமிக்குள்ள பொதைஞ்சு இருந்துருக்கும். காத்துப் படாத எடம் கறுத்துருச்சு, காத்துப் பட்ட எடம் செவந்துருச்சு" அப்படின்னார். ஆராய்ச்சிக்காரங்களும் அதைத்தான் எழுதியிருக்காங்க. காத்து கிடைக்காத இடத்துல புகை ஏறிக் கறுக்கும், காத்து கிடைச்ச இடத்துல மண்ணுல இருக்குற இரும்பு சிவக்கும். ஒரே சூளை, ஒரே தீ, ரெண்டு நிறம். சாயம் எதுவும் பூசலை. சூளையில பானை எப்படிப் படுத்திருக்குன்னு கவனிச்ச ஒருத்தர் கண்ணுலதான் இந்த அழகு மொதல்ல பட்டிருக்கணும்.

அங்கேயே இன்னொண்ணும் கவனிச்சோம். ஓடுகள்ல 'ஆதன்', 'குவிரன் ஆதன்' மாதிரி பேர்கள் தமிழி எழுத்துல கீறியிருக்கு. சுட்ட பிறகு கீறின பேர்கள் பெரும்பாலும் வச்சுப் புழங்கினவங்க பேரா இருக்கும்னு சொல்றாங்க. "அப்ப செஞ்சவன் பேரு?"ன்னு கேட்டேன். அண்ணன் ஒரு ஓட்டோட உள்பக்கத்தைக் காட்டினார். தேய்ச்ச விரலோட கோடு வட்டமா ஓடியிருந்துச்சு. "இதான்"னார்.

தாழியும் நாரையும்

கேட்டவர் வந்து நின்னாத்தான் உருவம் பிறக்கும்ங்கிறதுக்கு நம்ம பழைய பாட்டுலயே சாட்சி இருக்கு. புறநானூற்றுல 228, 256 ரெண்டும் குயவரைக் கூப்பிட்டுப் பேசுற பாட்டுகள். 228-ல சோழன் கிள்ளிவளவன் இறந்துட்டான். ஐயூர் முடவனார்ங்கிற புலவர், இவ்வளவு பெரிய அரசனுக்கு எந்தச் சக்கரத்துல, எவ்வளவு மண்ணு வச்சுத் தாழி வனைவேன்னு குயவரைப் பார்த்து இரங்குறார். 256-ல கணவனை இழந்த ஒரு பெண், தானும் சேர்ந்து அடங்குற மாதிரி தாழியைக் கொஞ்சம் அகலமாச் செய்யின்னு கேக்குறா.

நான் பலதடவை யோசிச்சிருக்கேன். அந்தப் பொண்ணு கேட்டுட்டுப் போன பிறகு அந்தக் குயவர் என்ன செஞ்சிருப்பார்? மண்ணைக் கூட மிதிச்சிருப்பார். வாயை எத்தனை விரல் அகலமாக்கணும்னு கையால அளந்து பார்த்திருப்பார். துக்கம் அவர் கையில அளவா மாறியிருக்கும்.

அப்படிப்பட்ட தாழிகள் கூட்டங்கூட்டமாக் கிடைச்ச இடம் தாமிரபரணிக் கரையில உள்ள ஆதிச்சநல்லூர். 1876-ல ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்க தோண்டினார். 1900 வாக்கில் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004-ல மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டினப்போ நூத்துக்கும் மேல தாழிகள் கிடைச்சுது. அதுல ஒரு ஓட்டுல, மண்ணைத் தனியா உருட்டி ஒட்டின உருவங்கள் இருந்துச்சு. ஒரு பெண், பக்கத்துல நிக்கிற நெற்கதிர், நாரை, மான், முதலை மாதிரி ஒண்ணு.

அந்தப் படத்தை மொதல்ல பார்த்தப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நாத்து நட்ட வயல்ல காலையில நான் பாக்குறதும் அதே நாரையும் நெல்லும்தான். தாழி வேணும்னு கேட்டவங்க உடம்பு அடங்குற அளவுக்கு ஒண்ணு கேட்டிருப்பாங்க. அதுமேல இதெல்லாம் வேணும்னும் அவங்களே கேட்டாங்களா, குயவரே ஒட்டினாரா, யாருக்குத் தெரியும்? ஆனா வேற எங்கிருந்தும் அவர் அதைக் கொண்டுவரலை. வீட்டு வாசல்ல நின்னாத் தெரிஞ்ச ஊரைத்தான் அவர் தாழிமேல ஒட்டியிருக்கார். போறவங்க இந்த ஊரையும் கூடக் கொண்டு போகட்டும்னு நினைச்சிருப்பார்போல.

குதிரையைப் பார்க்காதவர் செஞ்ச குதிரை

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் வந்தீங்கன்னா ஊர் எல்லையில அய்யனார் கோயிலும், வரிசையா மண்குதிரையும் இருக்கும். ராத்திரி அய்யனார் அதுல ஏறி ஊரைச் சுத்திக் காவல் காப்பார்ங்கிறது நம்பிக்கை.

இதுல ஒரு விசேஷம் இருக்கு. தமிழ்நாட்டுல குதிரை ஏராளமாப் பிறந்து வளர்ந்த பிராணி இல்லை. கப்பல்ல வந்தது. பட்டினப்பாலையிலயே கடல் வழியா வந்த குதிரை பத்திப் பேச்சு இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை இறங்குதுன்னு எழுதியிருக்கார். அது அரசனுக்கும் படைக்கும். கண்மாய்க் கரையில இருந்த வேளார் குதிரையைப் பக்கத்துல நின்னு பார்த்தது எத்தனை தடவை இருக்கும்? அதனால அவர் செஞ்ச குதிரை நிஜக் குதிரை மாதிரி இருக்காது. கழுத்து நேரா நிமிர்ந்து நிக்கும். கண்ணு பிதுங்கும். பல்லு தெரியும். நெஞ்சு நிறைய மணியும் சலங்கையும்.

ஆனா அது வாய்க்கு வந்த கற்பனையும் இல்லை. அண்ணன் செய்யும்போது பக்கத்துல உக்காந்து பார்த்தா ரகசியம் தெரியும். கால் நாலும் அடி இல்லாத நீளப் பானை. வயிறு, படுக்க வச்ச பானை. கழுத்து இன்னொரு பானை. உள்ள எல்லாம் கூடு. கனமாச் செஞ்சா காயும்போது வெடிக்கும், மெலிசாச் செஞ்சா மேல் பாரம் தாங்காது. அதனால கால் தூண் மாதிரி தடிக்கணும். மண்ணோட மணலும் உமியும் கலந்து மிதிக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை விரல் உயரம்தான் ஏத்தணும், அது இறுகின பிறகுதான் அடுத்தது. நாம கம்பீரம்னு சொல்றோமே, அந்த நிமிர்ந்த நிலை மண்ணு விதிச்ச விதி. அந்த விதிக்குள்ள நின்னுக்கிட்டு, மூக்குத்துவாரத்துலயும் கண்ணுலயும் மணியிலயும் அவர் தன் கையைக் காட்டினார்.

இதுக்கும் கேட்டவர் உண்டு. ஊர் கூடி முடிவு பண்ணி, ஒரு பிடி மண்ணெடுத்து வெத்தலை பாக்கோட வேளார் கையில கொடுக்கணும். அதுக்குப் பேரு பிடிமண். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். புரவி எடுப்பு அன்னைக்குக் கண் திறந்து, ஊரே தோள்ல தூக்கிக்கிட்டுப் போய்க் கோயில்ல வைக்கும். பழைய குதிரை வெயில்லயும் மழையிலயும் கிடந்து கரைஞ்சு சிதையும். யாரும் எடுத்துப் பாதுகாக்க மாட்டாங்க. அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை. அழியிறதாலதான் அடுத்த தலைமுறைக்கும் செய்யத் தெரியுது. டெல்லியில கைவினை அருங்காட்சியகத்துலயும், சென்னை முட்டுக்காடு தட்சிணசித்ராவுலயும் அய்யனார் குதிரையை நீங்க பார்த்திருக்கலாம். அங்க இருக்குறது சிதையாது. ஆனா அங்க பிடிமண் கொடுக்க ஊர் இல்லை.

வெளியூரைப் பார்த்துக் கத்துக்கிட்டது

குயவர் தன் ஊருக்குள்ளயே அடைஞ்சு கிடந்தார்னும் நினைச்சுக்க வேணாம். புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல வீலர் தோண்டினப்போ ரோம் நாட்டுக் குடுவைகள் கிடைச்சுது. கூடவே உள்ள வட்ட வட்டமாப் புள்ளி உருட்டின மெலிசான தட்டுகளும் கிடைச்சுது. அந்தத் தட்டையும் வீலர் மேற்கிலிருந்து வந்த சரக்குன்னுதான் நினைச்சார். பின்னாடி வந்த ஆராய்ச்சி, அது இந்திய மண்ணுல இந்தியக் கை செஞ்சதுன்னு சொல்லிச்சு. கடல் கடந்து வந்த சாமானையும் நம்மாளு கை வேலையையும் பிரிச்சுப் பார்க்கவே அவ்வளவு பெரிய நிபுணர் தடுமாறியிருக்கார்னா, கை அப்படி இருந்திருக்கு!

நம்ம காலத்து உதாரணம், எங்க பக்கத்து மானாமதுரைக் கடம். சமையல் பானை செய்ற அதே குடும்பங்கள்தான் கடமும் செய்றாங்க. ஆனா கேட்டவர் வேற. சங்கீத வித்வான் வந்து, இந்தச் சுருதி வேணும், எங்க தட்டினாலும் ஒரே நாதம் பேசணும்னு கேக்குறார். அதுக்காகப் பல கண்மாய் மண்ணைக் கலந்து, ஆயிரக்கணக்குல தட்டித் தட்டி, சுவரைக் கனமாவும் ஒரே சீராவும் கொண்டுவந்தாங்க. சோத்துப் பானைக்குப் போட்ட தட்டு, நாதத்துக்குப் போட்ட தட்டா மாறுச்சு. விக்கு விநாயக்ராம் மாதிரி கலைஞர்கள் கடத்தை உலக மேடைக்குக் கொண்டு போனாங்க. கடம் செய்ற மானாமதுரை அம்மா ஒருத்தருக்கு சங்கீத நாடக அகாதமி விருதே கொடுத்தது. 2023-ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

கேட்டவர் போனதும் உருவமும் போச்சு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல கோயில் ஊழியர் பட்டியல் இருக்கு. தச்சர், தட்டார், வண்ணார், நாவிதர் வரிசையில குயவரும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அவருக்குன்னு நிலையான வாடிக்கை. என் சின்ன வயசுல எங்க களத்துலயும் அதே கதைதான். நெல் அடிச்சு முடிச்சதும் வேளாருக்கு மரக்கால் கணக்குல அளந்து வச்சிருவார் எங்கய்யா. பதிலுக்கு வருஷம் பூரா எங்க வீட்டுக்கு வேண்டிய பானை சட்டி வந்துரும். பொங்கலுக்குப் புதுப்பானை கேக்காமலே வரும்.

அப்புறம் அலுமினியம் வந்துச்சு, எவர்சில்வர் வந்துச்சு, பிளாஸ்டிக் குடம் வந்துச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு மைல் தண்ணி சுமந்த எங்கம்மாவுக்கு பிளாஸ்டிக் குடம் விடுதலை. ஆனா ஒவ்வொண்ணா உருவங்கள் செத்துப்போச்சு. விதை நெல் போடுற குலுக்கை, ஆள் உயரக் குதிர், தானியம் ஊறப்போடுற மொடா, பதநீர்க் கலயம். இதுல பாதியை அண்ணன் மகனுக்குச் செய்யத் தெரியாது. கேக்க ஆள் இல்லாததை எதுக்குக் கத்துக்கணும்? பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்.

மண்ணும் சும்மா கிடைக்கலை. கண்மாய் மண்ணு எடுக்க ஒவ்வொரு அலுவலகமா அலைஞ்ச கதையை அண்ணன் சொன்னா ஒரு நாள் போதாது. 2024-ல அரசு விதியைத் திருத்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியிலேயே மண்ணைக் காசில்லாம எடுக்கலாம்னு கொண்டுவந்துச்சு. அது பெரிய உபகாரம். ஆனா மண் கிடைச்சா மட்டும் பானை வந்துராது. மூணுல முதல் ஆளு, கேக்குறவர், வரணும்.

அதனால போன கோடையில நான் ஒரு காரியம் செஞ்சேன். மேட்டு நிலத்துல நட்ட நாப்பது கொய்யாக் கன்னுக்கு, வேரோரம் புதைக்கிற தண்ணிப் பானை வேணும்னு அண்ணன்கிட்டக் கேட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சீனாவுல 2000 வருஷத்துக்கு முந்தின வேளாண் நூல் ஒண்ணுலயே, பானையைப் புதைச்சுத் தண்ணி ஊத்தி அதைச் சுத்தி முலாம்பழம் போடுற முறை இருக்கு. அண்ணன் அப்படி ஒரு பானை செஞ்சதில்லை. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "குடிதண்ணிப் பானை வேர்க்கும்ல தம்பி, இது அதைவிட இன்னும் கொஞ்சம் வேர்க்கணும். அவ்வளவுதானே?"

மணலைக் கூட்டினார், சலிச்ச உமி சேர்த்தார், தட்டுறதைக் குறைச்சார். வெயில்ல ஆவியாகாம இருக்க வாயைக் குறுக்கி, மூடி உக்கார ஒரு விளிம்பு வச்சார். மொத நாலு பானையில ரெண்டு ரொம்ப ஒழுகுச்சு. உமியைக் குறைச்சார். அடுத்த சூளையில சரியா வந்துச்சு. ஊத்தின தண்ணி மூணு நாள் நின்னுச்சு. லீவுக்கு வந்த பையனும் கூட உக்காந்து உமிக் கணக்கை செல்போன்ல குறிச்சு வச்சான். திங்கக்கிழமை பஸ் ஏறிப் போயிட்டான், அது வேற விஷயம். ஆனா மூவாயிரம் வருஷமா நடந்தது என்னன்னு அந்த ஒரு வாரத்துல என் கண்ணால பார்த்தேன்.

உங்க வீட்டு கேஸ் அடுப்புக்காக இப்போ குயவர்கள் தட்டை அடிச் சட்டி செய்றாங்க. அடுப்பு மாறினதும் அடியும் மாறுது பாருங்க. அதனால அடுத்த தடவை மண்சட்டி வாங்கப் போனா, விலை கேக்குறதுக்கு முன்னாடி உங்க தேவையைச் சொல்லுங்க. எத்தனை பேருக்குச் சமைப்பீங்க, பால்கனியில செடிக்கு எவ்வளவு எடம் இருக்கு, தயிர் உறையுறதுக்கா, தண்ணி குளிர்றதுக்கா. ரெடிமேடா அடுக்கி வச்சதை எடுத்துட்டு வர்றதைவிட, ஒரு வாரம் காத்திருந்து சொல்லிச் செஞ்சு வாங்குங்க. சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்திருக்குறவருக்கு நீங்க கொடுக்குற பிடிமண் அதுதான்.

எங்க கண்மாயில தண்ணி வத்த இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள யோசிச்சு வைங்க. மண் எடுக்கும்போது அண்ணன் கணக்குப் போட்டு எடுப்பார்.